கழிவுநீர் நின்றது, உப்பு நிற்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

திருப்பூர் பனியன் ஏற்றுமதியின் வளர்ச்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள், சாயக்கழிவுப் பிரச்சினை 2011-லேயே முடிந்துவிட்டது என்கிறார்கள். அந்த ஆண்டு ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத முறைக்கு மாறிய பிறகே திறக்க முடிந்தது. நொய்யல் ஆற்றில் 1992-ல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கி, அதைத் திறக்கவே வேண்டாம் என்று விவசாயிகள் சொன்ன காலத்தை நினைத்தால் இது பெரிய மாற்றம்தான். ஆனால் மீட்கப்படுவது பெரும்பாலும் தண்ணீர்தான். உப்பில் ஒரு பகுதி தேங்கிக்கொண்டே இருக்கிறது.

பருத்தித் துணியில், இழையோடு பிணையும் ரீயாக்டிவ் சாயம் அடர்நிறமாக ஏற, லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் உப்பு போடுகிறார்கள். கிலோ துணிக்கு 6 லிட்டர் தண்ணீர் என்றாலும் 360 முதல் 480 கிராம் ஆகிறது. உப்பு சாயத்தைத் துணியில் ஏற்றிவிடுமே தவிர, தான் அதில் தங்காது. அத்தனையும் கழிவுநீரில் வந்து சேரும். பாக்டீரியாத் தொட்டியால் அதை ஒன்றும் செய்ய முடியாது. சவ்வு வழியே வடிகட்டும் ஆர்.ஓ. நல்ல நீரைப் பிரித்துக்கொண்டு உப்பைச் செறிந்த கரைசலாக ஒதுக்கும். அதை எவாபரேட்டரில் வற்றவைக்க பாய்லரில் விறகு எரிய வேண்டும்.

எல்லாப் பட்டறைகளும் சோடியம் சல்பேட், அதாவது கிளாபர் உப்பு மட்டும் போட்டால் சிக்கல் பாதி தீரும். செறிந்த கரைசலை 10 டிகிரிக்குக் கீழே குளிர்வித்தால் அது படிகமாக இறங்கிவிடும். திரும்பவும் சாயத்துக்கே போடலாம். விலை குறைவு என்று யாராவது சாதா உப்பை (சோடியம் குளோரைடு) கலந்தாலோ, நீரின் கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னரைக் கழுவிய உப்புநீரை அதே குழாயில் விட்டாலோ குளோரைடு ஏறிவிடும். சாதா உப்பு குளிர்வித்தால் இப்படிப் பிரியாது. கடைசியில் மிஞ்சுவது சாயக்கறையோடு பழுப்பாக, ஈரம் இழுத்துக் கசியும் கலவை உப்பு. யாரும் வாங்காத அந்த மூட்டைகள் கொட்டகைகளில் அடுக்கப்படுகின்றன. தரை விரிசல் விட்டு, ஒரு மழை உள்ளே புகுந்தால் போதும், பக்கத்துக் கிணறு கெட்டுவிடும்.

நீரில் கரைந்த உப்பின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர், அது எந்த உப்பு என்று சொல்லாது. பொது சுத்திகரிப்பு நிலையங்கள் ஒவ்வொரு பட்டறையின் இணைப்பிலும் குளோரைடைத் தனியாகப் பார்க்க வேண்டும். சில்வர் நைட்ரேட் சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும்.

மீட்ட உப்புக் கரைசலைப் போட்டால் நிறம் திட்டுத் திட்டாக விழுகிறது என்று சாயக்காரர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. கரைசலில் கால்சியமும் மக்னீசியமும் மிஞ்சியிருந்தால் சாயம் சரியாகக் கரையாது. காரம் மிஞ்சியிருந்தால் சாயத்தைப் பிணைக்கச் சோடா போடும் முன்பே சாயம் பிடித்துவிடும். ஆகவே கடினத்தன்மையை நீக்கி, அமிலம் விட்டுக் காரத்தைச் சமன்செய்த பிறகே நிலையங்கள் அதைத் தர வேண்டும். ஒவ்வொரு லோடுக்கும் சோதனை முடிவு கூடவே போக வேண்டும்.

உப்பே தேவைப்படாத கோல்டு பேட் பேட்ச் முறையும் இருக்கிறது. சாயத்தையும் காரத்தையும் சேர்த்து ஏற்றிய துணியை உருளையில் சுற்றி, இரவு முழுக்கச் சுழலவிட்டு அலசுவார்கள். பின்னல் துணியின் ஓரம் சுருளாமல் இழுவிசையைக் கட்டுப்படுத்தும் இயந்திரம் வேண்டும், அது விலை கூடியது. சிறு பட்டறையால் தனியாக வாங்க முடியாது. மாநில அரசு மானியம் கொடுப்பதாக இருந்தால் இன்னொரு எவாபரேட்டருக்குக் கொடுப்பதைவிட இதற்கு முதலில் கொடுக்கட்டும். குறைந்த விலைக்கே ஆர்டர் தரும் வெளிநாட்டு பிராண்டுகளும் கிலோவுக்கான சாயக்கூலியில் இந்தச் செலவைத் தனியாகக் காட்டி ஏற்கட்டும்.

– சாயக்கழிவு சுத்திகரிப்புத் துறையில் பணிபுரியும் வாசகர், திருப்பூர்