பழைய தகரப் பேணிகளைக் கிலோ விலைக்கு விற்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கும் நாட்களில் பழைய இரும்பு வாங்குகிறவர்களின் தராசில் ஏறும் சாமான்களைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. விளம்பரப் படம் அச்சடித்த பிஸ்கட் பேணி, தேயிலைப் பேணி, எனாமல் பலகை எல்லாம் கிலோ விலைக்குப் போகின்றன. தகர வேலை செய்து பிழைத்தவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

பிரித்தானியக் கடற்படை 1957 வரை திருகோணமலையில் இருந்தது. தளத்தில் வேலை செய்த என் அப்பா கொண்டுவந்த பிளேயர்ஸ் நேவி கட் சிகரெட் பேணியில்தான் அம்மா பொத்தான் போட்டு வைத்திருந்தார். மிதவை வளையத்துக்குள் தாடிக்கார மாலுமியின் முகம் இன்றும் அதில் தெளிவாக இருக்கிறது. இப்படியானவை இந்த ஊர் வீடுகளில் இன்னும் கிடக்கும்.

இவற்றின் மதிப்பு முழுவதும் மேலே உள்ள அச்சில்தான். கல்லில் வரைந்த படத்தை இடையில் ஓர் உருளையில் வாங்கித் தகரத்தில் பதிக்கும் முறைக்கு இங்கிலாந்தில் 1875இல் காப்புரிமை எடுத்தார்கள். அந்த மை மிக மெல்லியது. சாம்பலும் தும்பும் போட்டுத் தேய்த்தால் அப்புறம் மிஞ்சுவது வெறும் தகரம். புதுப் பெயின்ற் பூசினாலும் அதே கதிதான்.

எனாமல் பலகை வேறு. கண்ணாடித் தூளை இரும்பின் மேல் சுமார் 800 பாகைச் சூட்டில் உருக்கி ஒட்டியது. நகத்தால் தடவினால் நிறம் மாறும் இடத்தில் விளிம்பு தட்டுப்படும். ஆணித் துளையோரம் எனாமல் உடைந்து கறுத்த இரும்பு தெரியும். பழசு போலச் செய்து விற்கும் பெயின்ற் பலகையில் அந்த விளிம்பு தட்டாது. நிலாவெளி வீதியில் ஒரு வீட்டில் நல்ல தேயிலை விளம்பரப் பலகையைக் கோழிக்கூட்டுக்கு அளவாக வெட்டியிருந்தார்கள். வெட்டிய ஓரத்தில் எனாமல் செதில் செதிலாகக் கழன்றுகொண்டிருந்தது. அதை இனி ஒட்ட வழியில்லை.

‘சிலோன்’ என்று இருந்தால், நாட்டின் பெயர் ஸ்ரீலங்கா என்று மாறிய 1972க்கு முந்தியது என்று சிலர் விலை சொல்கிறார்கள். தேயிலைக்கு இன்றும் அந்தப் பெயர்தானே! காலத்தை அறியப் பேணியின் அடியிலுள்ள சிறிய எழுத்தையும், பக்கத் தைப்பு (தகரத்தின் இரு ஓரமும் சேரும் இடம்) ஈயம் பற்றவைத்ததா மடித்து அமுக்கியதா என்பதையும் பாருங்கள்.

உப்புக்காற்று படாமல், ஈரமில்லாத துணியால் துடைத்து வையுங்கள். உங்கள் வார மலரில் வாசகர்களின் பேணிப் படங்களுக்கு ஒரு மூலை ஒதுக்குங்கள், ஐயா. முகப்பு, அடி, தைப்பு மூன்றும் தெரிய எடுத்து அனுப்பினால், எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதித் தருகிறேன்.

ஒரு தகர வேலைக்காரர்,
உவர்மலை, திருகோணமலை