ஹை ட்ரிம் எங்கே நிற்கிறது, பார்த்துச் சொல்

ஹட்டன்

அன்பின் மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் குளிரோடு முழங்கால் வலி வந்திருக்கிறது, வெயில் பட்டால் சரியாகிவிடும். நீ அனுப்பிய பாட்டை மூன்று பேரும் உட்கார்ந்து கேட்டோம். உருமியை இழுக்கும் இடத்தில் அதோடு சேர்ந்து சப் பேஸும் வளைந்து இறங்குகிறதே, அதை மட்டும் பத்துத் தரமாவது போட்டுக் கேட்டிருப்பேன். தோட்டத்தில் உருமி கேட்டு வளர்ந்தவனுக்குத்தான் அந்த வளைவு கைவரும். பக்கத்து வீட்டு மாமாவையும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன்.

தங்கச்சி மட்டும் முதல் நிமிடத்திலேயே காதைப் பொத்திக்கொண்டாள். ஹை-ஹெட் ஊசி மாதிரி ஏறுகிறதாம். அவள் சொன்ன பிறகு பாட்டை லெப்டொப்பில் ஏற்றி, எந்த உயரத்தில் எவ்வளவு சத்தம் என்று கோடு போட்டுக் காட்டும் வொக்ஸெங்கோ ஸ்பான் பிளகினில் விட்டுப் பார்த்தேன். அந்தக் கோட்டின் சரிவை 4.5 டெசிபலில் வைத்தால் ஒழுங்கான மிக்ஸ் ஏறக்குறைய மட்டமாகக் கிடக்க வேண்டும். உன்னுடையது 3 கிலோஹேர்ட்ஸ் வரை மட்டமாக வருகிறது, 4இல் மேடு கட்டத் தொடங்குகிறது. 6 டெசிபல் இருக்கும். சித்திரையில் அனுப்பியதையும் எடுத்துப் பார்த்தேன், அதில் 3. அதற்கு முந்தியதில் மேடே இல்லை.

உன் சாமான்களை ஒவ்வொன்றாகப் பார். நான் எழுதும் ஒழுங்கிலேயே பார், இடையில் தாவாதே.

முதலில் உன் எச்எஸ்5 ஸ்பீக்கர் பெட்டிகளின் முதுகு. அங்கே இரண்டு சுவிட்ச். ரூம் கன்ட்ரோல் 500 ஹேர்ட்ஸுக்குக் கீழே குறைப்பது: 0, -2, -4. ஹை ட்ரிம் 2 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே 2 டெசிபல் கூட்டும் அல்லது குறைக்கும். அறை மாறியபோது கை பட்டு ஹை ட்ரிம் -2க்குப் போயிருந்தால் உனக்கு மேல்பக்கம் மங்கலாகத்தான் கேட்கும். அந்தக் குறையை நீ மிக்ஸில் கூட்டிக்கொண்டிருப்பாய். டோர்ச் அடித்து இரண்டு பெட்டியிலும் பார். பார்த்த உடனே எனக்கு எழுது.

அடுத்தது ட்வீட்டர், பெட்டியில் மேல் சத்தம் தரும் சின்ன ஸ்பீக்கர். பேஸ் எங்கும் பரவும், மேல் சத்தம் நேராகத்தான் போகும். பெட்டி மேசையில் தாழ்வாக இருந்து ட்வீட்டர் உன் நெஞ்சைப் பார்த்தால் 5 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே உனக்குக் குறைந்துதான் வரும். கீழே இரண்டு செங்கல் வைத்தாவது காது உயரத்துக்குக் கொண்டுவா. இரண்டு பெட்டியும் உன் தலையும் சமபக்க முக்கோணமாக இருக்க வேண்டும், நூல் பிடித்து அள. பிறகு பிங்க் நொய்ஸ் என்ற இரைச்சலை மெதுவாக விட்டு, ஒவ்வொரு ட்வீட்டருக்கும் முன்னால் உள்ளங்கையை வைத்து எடுத்துப் பார். வைத்தாலும் எடுத்தாலும் சத்தம் மாறாவிட்டால் அந்த ட்வீட்டர் போய்விட்டது. காதைக் கிட்டே கொண்டுபோய்ச் சோதிக்காதே.

சுவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். படத்தில் பார்த்தேன், நாலு சுவரிலும் ஓர் அங்குல ஃபோம் ஒட்டியிருக்கிறாய். ஒரு சாமான் எந்த அலைநீளத்தின் கால் பங்கு தடிப்போ, அந்த அலையின் சுருதிக்கு மேலே உள்ள சத்தத்தைத்தான் நன்றாக விழுங்கும். சத்தம் வினாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. 2.5 சென்டிமீட்டர் ஃபோமுக்குக் கணக்குப் போட்டால் 3400 ஹேர்ட்ஸ் வரும். அந்த ஃபோம் மேல் சத்தத்தைத் தின்றுவிட்டு பேஸை அப்படியே விட்டுவைக்கிறது. அறை மந்தமாக இருந்தால் நீ மேலே கூட்டத்தான் செய்வாய். பாதியைக் கழற்று. பெட்டிக்கும் உனக்கும் நடுவில் இருபக்கச் சுவரிலும் கண்ணாடியை நகர்த்திப் பார், உட்கார்ந்த இடத்திலிருந்து ட்வீட்டர் தெரியும் இடத்தில் மட்டும் 4 அங்குல ரொக்வூல் பலகை ஒன்று. இரண்டு மூலைகளில் அதையே இரட்டையாக வை.

ஹெட்போனின் குறையைச் சரிக்கட்டும் கரெக்ஷன் பிளகினை, முழுப் பாட்டும் கடந்து போகும் மாஸ்டரில் போட்டுவிட்டு, எக்ஸ்போர்ட் பண்ணும்போது நிறுத்த மறந்துவிட்டாயா? இது எல்லோரும் செய்யும் பிழை. உன் ஹெட்போன் மேல்பக்கம் மங்கலானது என்றால் அந்த பிளகின் அதைத் தூக்கும், அந்தத் தூக்கலும் பாட்டில் பதிந்துவிடும். கியூபேஸ் மென்பொருளில் கன்ட்ரோல் ரூம், ரீப்பரில் மொனிட்டரிங் எஃப்எக்ஸ் என்று இதற்குத் தனி இடம் இருக்கிறது. நீ ஏபிள்டனில் மாஸ்டரில்தான் போட்டிருப்பாய்.

மேல் சத்தம், கீழ்ச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூக்களையும் எண்ணு. சீரம் சிந்தசைசருக்குள்ளேயே எஃப்எக்ஸ் பக்கத்தில் ஒன்று, சனலில் ஒன்று, டிரம் பஸ்ஸில் ஒன்று, மாஸ்டரில் ஒன்று. ஒவ்வொன்றிலும் மேல் சத்தம் முழுவதையும் தூக்கும் ஹை ஷெல்ஃப் 2 டெசிபல் என்றால் தனியாகப் பார்க்கும்போது ஒன்றுமில்லை, மூன்றைக் கடந்து வரும்போது 6. எல்லா ஷெல்ஃபையும் ஒரே நேரத்தில் நிறுத்தி, பத்து நிமிடம் வெளியே போய் வந்து கேள். உடனே கேட்டால் பாட்டு செத்துப்போன மாதிரித்தான் இருக்கும், அதை நம்பாதே.

இதெல்லாம் சரியாக இருந்தால், வேறொருவர் மிக்ஸ் பண்ணிய, உனக்கு நன்றாகத் தெரிந்த பாட்டு ஒன்றை எடு. உன்னுடையதோடு சத்தத்தைச் சமப்படுத்து. சத்தத்தின் பலத்தை அளக்கும் எல்யுஎஃப்எஸ் கணக்கில் அது -8இலும் உன்னுடையது -12இலும் இருந்தால் அதை 4 டெசிபல் இறக்கு. முதலில் பெட்டியில் கேள், பிறகு ஹெட்போனில் கேள். பெட்டியில் மட்டும் மங்கலென்றால் அறை அல்லது பெட்டி. இரண்டிலும் மங்கலென்றால் அதையும் எனக்கு எழுது.

கோல் எடுக்கும்போது இரண்டு தரம் “ஆ? ஆ?” என்று கேட்கிறாய். வெள்ளவத்தையில் ரயில் சத்தம் என்கிறாள் அம்மா. ரயில் எந்நேரமும் போய்க்கொண்டா இருக்கும்? இப்போது இரண்டு மாதமாகக் கோலும் இல்லை, எழுத்தில் மட்டும் பதில் வருகிறது. வேலை அதிகம் என்கிறாய். இருக்கட்டும். ஹை ட்ரிமைப் பார்.

மாசியில் காமன் கூத்துக்கு வந்து தப்பு மேளத்தைப் பதியப் போவதாகச் சொன்னாய். நல்லது, வா. மைக்கைப் பையோடு கொண்டுவந்து, வெளியே பனியில் நின்றுவிட்டு வீட்டுக்குள் வந்தால் உடனே பையைத் திறக்காதே. குளிர்ந்த உலோகத்தில் வீட்டுச் சூட்டின் ஈரம் படியும், கன்டென்சர் மைக் படபடவென்று பொரியும். மூடியபடியே ஒரு மணித்தியாலம் வை, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு உள்ளே கிடக்கட்டும். தப்பின் தோல் பனியில் தளரும், அதனால்தான் நெருப்பில் காய்ச்சுகிறார்கள். காய்ச்சியதும் சுருதி ஏறும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். சாம்பிளருக்கு வேண்டிய ஒற்றை அடிகளை ஒரு சூட்டுக்குள்ளேயே எடுத்து முடி. மெல்லிய அடி, நடு அடி, பலத்த அடி, ஒவ்வொன்றும் ஆறு தரம். அடுத்த சூட்டில் எடுத்ததோடு கலந்தால் சுருதி ஒட்டாது. மைக் ஒன்றரை மீட்டர் தள்ளி, பலத்த அடியே -12க்கு மேல் போகாதபடி கெயின், 24 பிட். மைக் அங்கே நிற்கட்டும். நீ தப்புக்குப் பக்கத்தில் நிற்காதே. நீண்ட கேபிள் போட்டுத் தள்ளிப் போய் நில்.

2 டெசிபல் சுவிட்ச் 6 டெசிபல் மேட்டை உண்டாக்காது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் சுவிட்சாகவே இருக்க வேண்டும் என்று மாரியம்மனுக்கு நேர்ந்திருக்கிறேன்.

உன் பாட்டு எனக்குக் குத்தவில்லை, மகன். தெளிவாக இருந்தது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஹை-ஹெட் ஒவ்வொன்றும் எனக்குத் தனித்தனியாகக் கேட்டது. சந்தோஷத்தில் சத்தத்தைக் கூட்டினேன். தங்கச்சி காதைப் பொத்தியபோதுதான் விளங்கியது, நீ மிக்ஸ் பண்ணியிருப்பது என் காதுக்கு. என் காது 4 கிலோஹேர்ட்ஸில் செத்துப் பதினொரு வருடம். ஓடியோகிராம், அதாவது காது கேட்கும் அளவை எடுத்த தாள், அலுமாரியில் பழைய பில் கட்டுக்குள் இருக்கிறது. அம்மாவுக்கும் தெரியாது. கூப்பிட்டால் திரும்பாத மனுஷன் என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள்.

திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டும்போதெல்லாம் உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். வயர் பிடிக்க நல்ல பிள்ளை என்று குழாய்க்கு அடியிலேயே நிறுத்தினேன். இரவு வந்து “காதுக்குள் கூவுது அப்பா” என்றாய். விடிந்தால் போய்விடும் என்றேன். விடிந்ததும் போனது, அதனால் ஒன்றும் ஆகவில்லை என்று இருந்துவிட்டேன். உள்காதின் மயிர்ச் செல்கள் களைத்தால் ஒரு நாள் இரண்டு நாளில் எழும்பும், செத்தால் திரும்ப முளைக்காது. பெரும் சத்தத்தில் வரும் சேதம் முதலில் விழுவது 3க்கும் 6க்கும் நடுவில், அனேகமாக 4இல். பேச்சில் ‘ச’வும் ‘த’வும் மங்குவது அதனால்தான். அதனால்தான் “ஆ?” என்று கேட்க வேண்டி வருகிறது. உன் மேடும் 4இல்தான் தொடங்குகிறது.

இன்றிரவு இதைச் செய். டோன் ஜெனரேட்டர் பிளகின் ஒன்று போடு, மெல்டாவின் இலவசக் கட்டில் எம்ஒசிலேட்டர் இருக்கிறது. சைன் அலை, ஹெட்போன், வொலியூமை மிகக் குறைத்துத் தொடங்கு. 1, 2, 3, 4, 6, 8 கிலோஹேர்ட்ஸ், முதலில் இடது காதுக்கு மட்டும், பிறகு வலதுக்கு. ஒவ்வொன்றும் எந்த டெசிபலில் மறைகிறது என்று எழுது. ஹெட்போனுக்கு ஹெட்போன் மாறும், ஆகவே எண்ணைப் பெரிதாக எடுக்காதே. 4இல் மட்டும் பள்ளம் விழுகிறதா, இரண்டு காதும் வேறுபடுகிறதா, அதைப் பார். பள்ளம் இல்லாவிட்டாலும் ஓடியோகிராம் எடுக்க வேண்டும். ஒரே நாளில் ஒரு காது அடைத்த மாதிரி ஆனால் ஒரு நாளும் காத்திருக்காதே, அன்றே காது டாக்டரிடம் போ. தொடக்கத்தில் மருந்து கொடுத்தால்தான் பயன்.

வேலை செய்யும் சத்தத்தையும் இனி அளந்து வை. 85 டெசிபலில் 8 மணித்தியாலம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88இல் 4, 91இல் 2, 94இல் ஒரு மணித்தியாலம், 100இல் 15 நிமிடம். சின்ன அறைக்கு 75 போதும். கிளப்பில் வாசிக்கும் நாளில் ஃபில்டர் வைத்த இயர்பிளக் போடு. பஞ்சு மாதிரி இருப்பது மேல் சத்தத்தைத்தான் கூட அடைக்கும், நீ மறுபடியும் ட்ரெபிளைக் கூட்டுவாய்.

சோதனைக்கான காசை உன் கணக்குக்குப் போடுகிறேன், மறுக்காதே. தாளைப் படம் எடுத்து அனுப்பு. என்னுடையதையும் கட்டிலிருந்து எடுத்து அனுப்புகிறேன், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா

பி.கு: அம்மாவுக்கு நானே சொல்கிறேன். நீ முந்திச் சொல்லிவிடாதே.