பவளம் நட்டால் போதாது, பார் மீன்களையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பவளத்தைத் துண்டு துண்டாகக் கட்டி வளர்க்கிறார்கள் என்று தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். நல்ல வேலைதான். ஆனால் அவ்வளவு நீளமான செய்தியில் மீனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் கீழக்கரைப் பக்கம் நாட்டுப்படகில் போய், பார் என்று நாங்கள் சொல்லும் கடலடிப் பாறைத் திட்டுகளில், மீன் நுழைந்து மாட்டிக்கொள்ளும் கூடு வைத்து மீன் பிடித்தவன். இப்போது மகன்தான் போகிறான். தெரிந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

கடல் சூடாகி 2010-லும் 2016-லும் இங்கே பவளம் வெளுத்தது. வெளுத்துச் செத்த கல்லின் மேல் சீக்கிரமே பாசி படர்ந்துவிடும். பாசி மூடிய கல்லில் புதுப் பவளக் குஞ்சு ஒட்டி வளர முடியாது. அந்தப் பாசியைத் தின்று கல்லைச் சுத்தமாக வைப்பவை கிளிமீனும் ஒரா மீனும். கிளிமீனின் பற்கள் ஒன்றாகச் சேர்ந்து கிளி அலகு போலவே இருக்கும். அதை வைத்துக் கல்லோடு சேர்த்துச் சுரண்டும். தின்ற கல்லை அரைத்து வெள்ளை மணலாக வெளியே விடும். தண்ணீருக்குள் காதைக் கொடுத்தால் அது சுரண்டும் சத்தம் கேட்கும். ஒரா கூட்டமாக மேயும். அதன் முள் குத்தினால் கை கடுகடுவென்று கடுக்கும், சுடுதண்ணீரில் வைத்தால்தான் அடங்கும். ஆனாலும் எங்கள் வீடுகளில் ஒராக் குழம்புக்கு ஈடு கிடையாது.

இந்த இரண்டும்தான் கூட்டில் அதிகம் விழுகின்றன. ஒராவுக்குப் பாசியை இரையாக வைப்போம், களவா மீனுக்கு நண்டை நசுக்கி வைப்போம். கூடு வைப்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. அடிமண்ணைப் புரட்டும் இழுவலையோடு பார்த்தால் கூடு எவ்வளவோ மேல். முன்பு உடைமரக் குச்சியிலும் பனை நாரிலும் கூடு கட்டினோம். காணாமல் போனாலும் சில மாதங்களில் மக்கிப்போகும், உள்ளே மாட்டிய மீன் வெளியே போய்விடும். இப்போது இரும்புக் கம்பிச் சட்டமும் பிளாஸ்டிக் வலையும். அது மக்காது.

கூடு கிடக்கும் இடம் தெரிய மிதவை கட்டினால் கூடு திருடு போய்விடும் என்று பலர் கட்டுவதே இல்லை. கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகுகள் வலை இழுக்கக் கூடாது என்பது 1983-ஆம் ஆண்டுச் சட்டம். இருந்தும் ராத்திரியில் உள்ளே வந்து கூட்டை இழுத்துத் தள்ளிவிட்டுப் போகிறார்கள். இப்படித் தொலைந்த கூடு கடலடியில் மீன் பிடித்துக்கொண்டே இருக்கிறது. உள்ளே செத்த மீன் அடுத்த மீனுக்கு இரை. வண்ணத்துப்பூச்சி மீன், பேத்தை என்று விலைபோகாத மீன்களும் அதற்குள் கிடந்து சாகின்றன. மூழ்கிப் பார்த்த மகன் ஒரு பழைய கூட்டில் எலும்பும் செதிலுமாகக் கிடந்ததைச் சொன்னபோது எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொன்று. களவாவில் பல வகை முதலில் பெண்ணாக இருந்து, பெரிதானபின் ஆணாக மாறும். கிளிமீனும் பெரும்பாலும் அப்படித்தான். பச்சையும் நீலமுமாகப் பளபளக்கும் பெரியது அநேகமாக ஆண். விலை கிடைப்பதும் அதற்குத்தான். பெரியதையெல்லாம் எடுத்துவிட்டால் முட்டையிடும் காலத்தில் ஆணுக்கு எங்கே போவது?

தீவுகளை ஒட்டிய பகுதி 1986-லிருந்து தேசியப் பூங்கா, அங்கே மீன் பிடிக்கத் தடை. நாங்கள் கூடு வைப்பது அதற்கு வெளியே உள்ள பார்களில். ஆனால் மீன் இரண்டு பக்கமும்தான் மேய்கிறது.

மீன்வளத்துறையும் வனத்துறையும் கூட்டுக்காரர்களைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். கூட்டின் ஒரு பக்கத்தில் கதவு வைத்து, அதைத் தேங்காய் நார்க் கயிற்றால் மட்டும் கட்டச் சொல்லுங்கள். கூடு தொலைந்தால் கயிறு மக்கிக் கதவு திறந்துகொள்ளும், மீன் தப்பிக்கும். செலவும் ஒன்றுமில்லை. சின்ன மீன் நுழைந்து வெளியே போகிற அளவுக்குக் கூட்டின் வலைக் கண்ணைப் பெரிதாக்குங்கள். கூடு கடலடியில் நிற்கப் பாரத்துக்கு முருகைக் கல்லை, அதாவது பவளப் பாறையை, உடைத்து வைக்கும் பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. அதற்குப் பதிலாக சிமெண்டுக் கட்டி கொடுக்கலாம். தொலைந்த கூடுகளை எடுக்க எங்கள் ஊர்ப் பையன்களுக்கே கூலி கொடுத்து மூழ்கச் சொல்லலாம். எந்தப் பாரில் எது கிடக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம். கூட்டை இழுத்துத் தள்ள ஆள் இல்லாத அந்த நேரம்தான் இந்த வேலைக்குத் தோது. நார்க் கயிற்றுக் கதவு போட்ட மாதிரிக் கூடு ஒன்றை அதற்கு முன்பே கட்டிக் காட்ட நான் தயார்.

இப்படிக்கு,
ஒரு நாட்டுப்படகு மீனவர்,
கீழக்கரை.