புரவலர் யார் என்று முதலில் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். விளையாட்டுப் பக்கத்தில், ஆளுக்கொரு பாத்திரமேற்றுப் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பற்றியும் எழுதுங்கள், அதுவும் புரவலரை, அதாவது பாத்திரத்துக்கு மந்திர சக்தி தரும் அமானுஷ்யரைத் தேர்ந்தெடுப்பது பற்றி.

பாலடின் (சபதமேற்ற புனித வீரன்) பாத்திரத்துக்கு இரண்டு நிலை வார்லாக் (புரவலரோடு ஒப்பந்தம் செய்து மந்திரம் பெறுபவர்) சேர்ப்பது சகஜம்; இரண்டுக்கும் கரிஸ்மா என்ற ஆளுமைத் திறன்தான் மூலதனம், வார்லாக்கின் மந்திர ஸ்லாட்டுகள், அதாவது மந்திரம் போடும் வாய்ப்புகள், குறுகிய ஓய்விலேயே திரும்பிவிடும். சரி, அந்தச் சக்தியைக் கொடுப்பவர் யார்? 2014 விதிகளில் புரவலரின் சலுகை முதல் நிலையிலேயே கிடைக்கும், 2024 விதிகளில் மூன்றாம் நிலை வரை பொறுக்க வேண்டும், ஆகவே இரண்டோடு நிறுத்துகிறவருக்குப் புரவலரின் சலுகையே இல்லை.

பழைய விதிப்படி ஃபீண்டை, அதாவது பேயைப் புரவலராக எடுத்தால் எதிரியை வீழ்த்தும்போது தற்காலிக உயிர்ப்புள்ளிகள் வரும், ஆனால் அதில் வார்லாக் நிலைதான் கணக்கு, பாலடின் பத்தாம் நிலையில் இருந்தாலும் சேராது. செலஸ்டியல் என்ற தேவலோகப் புரவலர் என்றால் இரண்டு நிலைக்கு, குணப்படுத்த மூன்று ஆறுமுகப் பகடைகள். கீழே விழுந்து கிடக்கும் தோழரை 60 அடி தூரத்திலிருந்தே எழுப்பிவிடலாம். கணக்குப்படி எனக்கு அதுதான் மேல்.

ஆனாலும் நான் ஃபீண்டைத்தான் எடுத்தேன். சபதம் செய்த வீரன், இறந்த தங்கையை மீட்கப் பேயிடம் கை நீட்டுகிறான். ஆட்டத்தை நடத்தியவர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார், அப்புறம் மூன்று அமர்வுகள் அந்தக் கடனைச் சுற்றியே ஓடின.

இப்படிக்கு,
ஒரு வாசகர்