எரேமியாவின் கடிதத்தை முழுவதும் வாசிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஆன்மிகப் பகுதியில் அண்மையில் வெளிவந்த கட்டுரை ஒன்று, பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசியான எரேமியாவின் புத்தகத்தில், கர்த்தர் தம் மக்களைக் குறித்துக் கொண்டிருப்பவை சமாதானத்துக்கான நினைவுகளே என்று கூறும் 29ஆம் அதிகாரம் 11ஆம் வசனத்தை எடுத்துக்கொண்டு, கிறிஸ்துவை விசுவாசிக்கிறவருக்குத் தொழிலிலும் உடல்நலத்திலும் குடும்பத்திலும் விரைவான ஏற்றம் உண்டு என்று உறுதி கூறியிருந்தது. சோர்ந்திருப்பவர்களைத் தேற்ற வேண்டும் என்ற எழுத்தாளரின் விருப்பத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் அந்த வசனம் யாருக்கு, எந்த நெருக்கடியில், எந்தச் சொற்களைத் தொடர்ந்து எழுதப்பட்டது என்பதைச் சொல்லாமல் விட்டதனால், எரேமியா தம் வாழ்நாளெல்லாம் எதிர்த்து நின்ற போதனையே அவருடைய பெயரில் வாசகர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. இது ஒரு கட்டுரையில் மட்டும் காணப்படும் குறை அன்று. பிரசங்கங்களிலும் வாழ்த்துச் செய்திகளிலும் அந்த ஒரு வசனம் தனியே பிரித்தெடுக்கப்பட்டே நம் காதில் விழுகிறது. ஆகவே இதைச் சற்று விரிவாக எழுத அனுமதி வேண்டுகிறேன்.

கி.மு. 597இல் பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பணியவைத்து, 18 வயதே ஆன யூதாவின் அரசன் எகொனியாவையும், அவனுடைய தாயையும், அதிகாரிகளையும், தச்சர்களையும், கொல்லர்களையும் சிறைபிடித்துக் கொண்டுபோனான். தேவாலயத்தின் பொக்கிஷங்களும் அவர்களோடு போயின. தாய்நாட்டையும் ஆலயத்தையும் இழந்து அந்நிய மண்ணில் இருத்தப்பட்ட அந்த மக்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதி அனுப்பிய கடிதமே 29ஆம் அதிகாரம். அதில் முதலில் வருவது ஆறுதல் அன்று, கட்டளை. வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள். தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள். உங்கள் பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவையுங்கள். உங்களைச் சிறைப்படுத்திய அந்த நகரத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரிடம் ஜெபியுங்கள் என்று அவர் எழுதினார். அடுத்து, பாபிலோனுக்கு 70 ஆண்டுகள் நிறைவேறிய பின்னரே கர்த்தர் அவர்களைத் திரும்ப வரப்பண்ணுவார் என்று 10ஆம் வசனம் கூறுகிறது. அதற்குப் பின்புதான், அவர்களைக் குறித்துக் கர்த்தர் கொண்டிருக்கும் நினைவுகள் தீமைக்கானவை அல்ல, சமாதானத்துக்கானவை என்ற அந்தப் புகழ்பெற்ற வசனம் வருகிறது.

அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர்கள் அதன் பொருளை உடனே புரிந்துகொண்டிருப்பார்கள். 70 ஆண்டுகள் என்றால் அவர்களில் பெரும்பாலோர் எருசலேமை இனிக் காணப்போவதில்லை. வாக்குறுதி உண்மையானது, ஆனால் அது ஒரு ஜனத்துக்கு, அவர்களுடைய பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கொடுக்கப்பட்டது. தன் கண் காணாத நாளுக்காகத் தோட்டம் நாட்டும்படி சொல்லப்பட்ட தலைமுறை அது. இந்த வசனத்தைத் தன் வாழ்க்கைக்கு எடுத்துக்கொள்ள எந்த விசுவாசிக்கும் உரிமை உண்டு. எடுத்துக்கொள்ளும்போது அந்தக் காத்திருப்பையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் விண்ணப்பம்.

இந்தக் கடிதத்துக்கு முந்தைய அதிகாரத்தை வாசிக்காதவர்களுக்கு இதன் கூர்மை முழுவதும் விளங்காது. எகொனியாவுக்குப் பின் யூதாவை ஆண்ட சிதேக்கியா அரசனின் நான்காம் ஆண்டில், அதாவது கி.மு. 594ஐ ஒட்டி, கிபியோன் ஊரைச் சேர்ந்த அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் ஆசாரியர்கள் முன்னிலையிலும் மக்கள் முன்னிலையிலும் எழுந்து நின்று, இன்னும் 2 ஆண்டுகளில் பாபிலோனின் நுகம் முறியும், ஆலயப் பாத்திரங்களும் எகொனியாவும் சிறைப்பட்டவர்கள் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்று அறிவித்தார். அவரும் கர்த்தரின் பெயரால்தான் பேசினார். அவருடைய நடை எரேமியாவின் நடையைப் போலவே இருந்தது. அவர் சொன்ன செய்தியோ எல்லாரும் கேட்க ஏங்கியது. எரேமியா மரத்தால் செய்த நுகத்தைத் தம் கழுத்தில் சுமந்துகொண்டு, பாபிலோனுக்குப் பணிந்திருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

எரேமியாவின் முதல் மறுமொழி நம்மை வியக்க வைக்கிறது. "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றார் அவர். எதிராளியின் செய்தி உண்மையாக இருந்தால் தமக்கும் மகிழ்ச்சியே என்று சபை நடுவில் ஒப்புக்கொள்ளும் மனிதர் அவர். பிறகுதான், பழைய தீர்க்கதரிசிகள் போரையும் பஞ்சத்தையும் கொள்ளைநோயையும் குறித்தே பேசினார்கள் என்பதை நினைவூட்டி, சமாதானத்தை அறிவிக்கிறவரின் வார்த்தை நிறைவேறும்போதே அவர் மெய்யாக அனுப்பப்பட்டவர் என்பது அறியப்படும் என்றார். அனனியா கோபங்கொண்டு அவர் கழுத்திலிருந்த நுகத்தைப் பிடுங்கி எல்லார் கண்முன்னும் உடைத்தபோது, எரேமியா ஒன்றும் பேசாமல் தம் வழியே போய்விட்டார். கர்த்தருடைய வார்த்தை பின்னர் வந்த போதுதான் அவர் திரும்பிப் போய், மர நுகத்துக்குப் பதிலாக இரும்பு நுகம் வரும் என்று சொன்னார். தமக்குச் சொல்லப்படாததைச் சொல்லக்கூடாது என்பதில் அவர் காட்டிய கட்டுப்பாடு முதுமையிலும் மாறவில்லை. எருசலேம் விழுந்த பிறகு, எஞ்சியிருந்த மக்கள் எகிப்துக்குப் போகலாமா என்று கர்த்தரிடம் கேட்டுச் சொல்லும்படி மன்றாடியபோது, அவர் பதில் பெற 10 நாட்கள் காத்திருந்தார். கேட்ட மாத்திரத்தில் ஒவ்வொருவருக்கும் "ஆண்டவர் உனக்குச் சொல்லுகிறார்" என்று பேசத் துணிகிற ஊழியங்கள் இந்த 10 நாட்களைப் பற்றி ஆழ்ந்து சிந்திக்க வேண்டும்.

அனனியா சொன்னதைக் கேட்டு நம்பியவர்களின் நிலையை எண்ணிப் பார்க்கிறேன். அவர்கள் வீடு கட்டியிருக்க மாட்டார்கள். மூட்டைகளை அவிழ்த்திருக்கவும் மாட்டார்கள். 2 ஆண்டுகள் கழிந்தபோது அவர்களுடைய ஏமாற்றம் அனனியாவின்மேல் மட்டும் விழுந்திருக்காது; அவர் யாருடைய பெயரால் பேசினாரோ அவர்மேலும் விழுந்திருக்கும். குணமாகாத நோயாளியிடமும், வேலை கிடைக்காத இளைஞரிடமும், குழந்தையைப் பறிகொடுத்த தாயிடமும் "உங்கள் விசுவாசம் போதவில்லை" என்று பழியைத் திருப்பும் போதனை எவ்வளவு கொடியது என்பதை நம் சபைகள் இன்னும் முழுமையாக உணரவில்லை என்றே நினைக்கிறேன். சமாதானம் இல்லாதபோது சமாதானம், சமாதானம் என்று சொல்லி மக்களின் காயத்தை மேற்பூச்சாய்க் குணமாக்குகிறார்கள் என்று 6ஆம் அதிகாரத்தில் எரேமியா குற்றஞ்சாட்டியது இத்தகையவர்களைத்தான்.

இதோடு சேர்த்துப் பேச வேண்டியது அவருடைய ஜெபங்கள். 11ஆம் அதிகாரம் முதல் 20ஆம் அதிகாரம் வரை ஆங்காங்கே காணப்படும் அவருடைய புலம்பல்களைப் போல ஒளிவுமறைவற்ற ஜெபம் வேதத்தில் வேறு எங்கும் அரிது. துன்மார்க்கரின் வழி ஏன் வாய்க்கிறது என்று அவர் கர்த்தரோடு வழக்காடுகிறார். தேவையான வேளையில் வற்றிப்போகும் ஓடையைப் போல நீர் எனக்கு இருப்பீரோ என்று கேட்கிறார். சொந்த ஊராகிய ஆனதோத்தின் மனிதர்களே அவர் உயிரைத் தேடினார்கள். உடன்பிறந்தவர்களே துரோகம் செய்தார்கள். திருமணமும் பிள்ளைகளும் வேண்டாம் என்ற கட்டளையினால் வீட்டிலும் அவருக்குத் துணையில்லை. பஸ்கூர் என்னும் ஆசாரியன் அவரை அடித்துத் தொழுமரத்தில் மாட்டிய பிறகு வருகிற 20ஆம் அதிகாரத்தில், "கர்த்தரைப் பாடுங்கள்" என்ற துதியை அடுத்த வசனத்திலேயே, தாம் பிறந்த நாள் சபிக்கப்படுவதாக என்று அவர் கதறுகிறார். துதியோடு அந்த அதிகாரம் முடிந்திருந்தால் நமக்கு வசதியாக இருந்திருக்கும். வேதமோ அந்தக் கதறலைத் துதிக்குப் பின்னாலேயே வைத்திருக்கிறது, யாரும் அதைத் திருத்தவில்லை.

அந்த ஜெபங்களுக்குக் கர்த்தர் கொடுத்த பதில்களும் இனிமையானவை அல்ல. காலாட்களோடு ஓடும்போதே இளைத்துப்போகிறவன் குதிரைகளோடு எப்படிப் போட்டியிடுவான் என்பதே அவருக்குக் கிடைத்த முதல் பதில்களில் ஒன்று. ஆனால் புலம்பியதற்காக அவர் தள்ளப்படவில்லை. ஊழியமும் அவரிடமிருந்து எடுக்கப்படவில்லை. எலும்புகளில் அடைபட்டு எரியும் அக்கினியாக அந்த வார்த்தை அவருக்குள் இருந்தது என்றும், அதை அடக்கிவைக்கத் தம்மால் முடியவில்லை என்றும் அவரே கூறுகிறார். கெத்செமனேயில் வியாகுலப்பட்டவரும், சிலுவையில் சங்கீதத்தின் சொற்களால் "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கூப்பிட்டவருமான இயேசுவைப் பின்பற்றுகிற சபை, அழுகிறவரைப் பார்த்து அவிசுவாசி என்று சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை. இயேசுவை யார் என்று மக்கள் எண்ணியபோது, சிலர் அவரை எரேமியா என்றே கருதினார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். அந்த ஒப்புமைக்குக் காரணங்கள் பல இருந்திருக்கலாம். எருசலேமைப் பார்த்து அழுத இருவரும் அந்த நகரத்தின் ஆலயத்தையே "கள்ளர் குகை" என்று கண்டித்தார்கள் என்பது நம் கண்ணுக்குத் தெரிகிற காரணம்.

அவருடைய கண்டனத்தைக் குறித்தும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனெனில் எரேமியாவின் பெயரைச் சொல்லி மற்றவர்களைச் சபிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர் அந்நிய மதத்தாரைத் திட்டிக்கொண்டு திரிந்தவர் அல்லர். ஆலய வாசலில் நின்று, தம் சொந்த ஜனத்தைப் பார்த்து, பரதேசியையும் திக்கற்ற பிள்ளையையும் விதவையையும் ஒடுக்கிவிட்டு இங்கே வந்து பாதுகாப்பைத் தேடாதீர்கள் என்றவர். அழிவின் நாளைத் தாம் விரும்பியதில்லை என்பதற்குக் கர்த்தரையே சாட்சியாக அழைத்தவர். இனி இந்த மக்களுக்காக ஜெபிக்க வேண்டாம் என்று கர்த்தர் அவரிடம் மீண்டும் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது என்றால், அவர் எவ்வளவு விடாமல் அவர்களுக்காக மன்றாடியிருக்க வேண்டும்!

வெற்றியை வைத்து ஊழியத்தை அளப்பவர்கள் எரேமியாவை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்? ஏறத்தாழ 40 ஆண்டுகள் பேசினார், அரசர்கள் கேட்கவில்லை. அவர் சொல்ல, அவருடைய எழுத்தரான பாருக் எழுதிய சுருளை யோயாக்கீம் அரசன் சூரிக்கத்தியால் அறுத்து அறுத்து நெருப்பில் எறிந்தான். எரேமியா எல்லாவற்றையும் மறுபடியும் சொல்லி எழுதவைத்தார். சேறு நிறைந்த துரவில் இறக்கப்பட்ட அவரைக் காப்பாற்றியவர் அரண்மனையில் பணிசெய்த எத்தியோப்பியரான எபெத்மெலேக். கயிறு உறுத்தாதபடி அக்குளில் வைத்துக்கொள்ளப் பழந்துணிகளையும் அவர் போட்டார் என்று வேதம் நினைவுகூருகிறது. கடைசியில் எரேமியா தம் விருப்பத்துக்கு மாறாக எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டார். அதற்குப் பின் அவர் முடிவைப் பற்றி அந்தப் புத்தகம் எதுவும் சொல்லவில்லை.

இப்படிப்பட்டவர் நம்பிக்கையைப் பற்றிப் பேசினால் அதில் எடை இருக்கிறது. பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்தபோது, காவல் முற்றத்தில் அடைபட்டிருந்த அவர், ஆனதோத்தில் இருந்த நிலத்தைத் தம் தகப்பனுடைய சகோதரரின் மகன் அனாமெயேலிடமிருந்து 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்கினார். சாட்சிகளை வைத்துப் பத்திரம் எழுதி, முத்திரையிட்டு, அது நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். எல்லாம் முடிந்த பிறகுதான், நகரம் எதிரியின் கையில் போகிற வேளையில் நிலத்தை வாங்கச் சொன்னீரே என்று தம் திகைப்பைக் கர்த்தரிடம் ஜெபமாக வைத்தார். முதலில் கீழ்ப்படிந்தார், விளக்கம் பிறகு கேட்டார். அந்த நிலத்தில் அவர் உழவும் இல்லை, அறுக்கவும் இல்லை. புதிய உடன்படிக்கையின் வாக்குறுதி எழுதப்பட்டிருக்கும் 31ஆம் அதிகாரத்துக்கு அடுத்ததாகவே இந்தச் சம்பவம் வைக்கப்பட்டிருக்கிறது. யூத மக்கள் தங்கள் வேதமாகக் காத்துவந்த அந்த வாக்குறுதியைத்தான் எபிரெயர் நிருபம் நீண்ட மேற்கோளாகத் தருகிறது. லூக்கா எழுதியபடி, கடைசி இராப்போஜனத்தில் பாத்திரத்தை எடுத்த இயேசுவின் சொற்களிலும் அதுவே ஒலிக்கிறது. ஒவ்வொரு முறை நற்கருணையில் பங்குபெறும்போதும் கிறிஸ்தவர்கள் எரேமியாவின் காலத்துக் கைதிகளுக்குக் கொடுக்கப்பட்ட நம்பிக்கையைத்தான் கையில் ஏந்துகிறார்கள்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆன்மிகப் பகுதியில் வசனங்களை விளக்கும்போது, குறைந்தபட்சம் அவற்றின் முன்னும் பின்னும் உள்ள பகுதிகளைச் சுருக்கமாகவாவது தரும்படி எழுத்தாளர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். எரேமியாவைக் குறித்து மேலும் எழுத இடமிருந்தால், அதிகம் வாசிக்கப்படாத 45ஆம் அதிகாரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். அதில் மொத்தம் 5 வசனங்களே உள்ளன. இளைத்துப்போன பாருக்குக்கு, நீ உனக்குப் பெரிய காரியங்களைத் தேடாதே, நீ போகும் இடமெல்லாம் உன் உயிரைக் காத்துத் தருவேன் என்று அங்கே சொல்லப்படுகிறது.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்