கோடிங்கில் அல்ல, சென்சாரில்தான் கோளாறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டெல்டா மாவட்டங்களில் எந்தப் பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் போனாலும் தானியங்கிப் பாசன மாதிரி ஒன்றாவது இருக்கும். மண் காய்ந்தால் மோட்டார் ஓட வேண்டும், நனைந்தால் நிற்க வேண்டும். நடுவர் வரும் நேரம் பார்த்து அது மக்கர் செய்தால், 'கோடிங் சரியில்லை' என்று பிள்ளையின் தலையில்தான் பழி விழுகிறது. வாங்கி வந்த பொருளை யாரும் சந்தேகப்படுவதில்லை.

மண் ஈரம் பார்க்க இப்போது பெரும்பாலும் வாங்கப்படுவது, கறுப்பு நிறத்தில் பட்டையாக, மூன்று வயரோடு வரும் கெப்பாசிட்டிவ் சென்சார். பதிப்பு 1.2 என்று அச்சிட்டிருக்கும். அதிலுள்ள எட்டுக்கால் ஐசியை (சிப்பை) முதலில் லென்ஸ் வைத்துப் படியுங்கள். டிஎல்சி555 என்றிருந்தால் கவலையில்லை, 2 வோல்ட்டிலேயே வேலை செய்யும். என்இ555 என்றிருந்தால் அதற்குக் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும். போர்டில் மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் கொடுப்பதோ 3.3 வோல்ட்தான். மேசையில் ஓடிவிடலாம், அதை நம்பி வயலில் வைக்க முடியாது. அந்த ரெகுலேட்டராவது இருக்கிறதா என்றும் பாருங்கள். 662கே என்று பொறித்த மூன்று கால் துணுக்கு அது. சில போர்டுகளில் அதை வைக்காமலே இணைப்புக் கொடுத்து விற்கிறார்கள். பிறகு பேட்டரி இறங்க இறங்க ரீடிங்கும் கூடவே இறங்கும். ஈரம் கூடினால் ரீடிங் இறங்குவதே இந்த சென்சாரின் இயல்பு என்பதால், காய்ந்த மண் ஈரமாகத் தெரியும்.

இன்னொரு குறை கண்ணுக்குத் தெரியாது. ரீடிங் வரும் அவுட்புட் வயருக்கும் கிரவுண்ட் (மைனஸ்) வயருக்கும் நடுவே ஒரு 1 மெகாஓம் ரெசிஸ்டர் வர வேண்டும். பல போர்டுகளில் ரெசிஸ்டர் இருக்கும், ஆனால் அதன் ஒரு முனை கிரவுண்டில் சேர்ந்திருக்காது. சப்ளை கொடுக்காமல், மல்டிமீட்டரை 2 மெகாஓம் அளவில் வைத்து அந்த இரண்டு வயருக்கும் நடுவே அளந்தால் போதும். 1 மெகாஓம் அருகில் காட்டினால் சரி. ஓப்பன் என்று காட்டினால் இணைப்பு இல்லை. உள்ளே கெப்பாசிட்டரில் ஏறிய மின்னழுத்தம் இறங்க வழியில்லாததால், காய்ந்த இடத்திலிருந்து எடுத்துத் தண்ணீரில் முக்கினாலும் ரீடிங் உடனே இறங்காது. மண் நனைந்த பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். இதற்காகப் போர்டைத் தூக்கி எறிய வேண்டாம். பழுப்பு, கறுப்பு, பச்சைக் கோடு போட்ட 1 மெகாஓம் ரெசிஸ்டர் ஒன்றை அவுட்புட்டுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே சால்டர் வைத்தால் சரியாகிவிடும்.

போர்டை வெட்டிய ஓரங்களில் பூச்சு இருக்காது. ஈரம் அந்த வழியாக ஏறும். மண்ணுக்குள் போகும் பகுதியின் ஓரம் முழுக்க நகப் பூச்சு இரண்டு தடவை பூசுங்கள். காற்றில் ஒரு ரீடிங், தண்ணீரில் ஒரு ரீடிங் எடுத்து அந்தந்தப் போர்டின் மேலேயே எழுதிவையுங்கள். ஒன்றுக்கு எடுத்த அளவு இன்னொன்றுக்குப் பொருந்தாது. (நெல் வயலில் இதை நட்டுப் பயனில்லை. தண்ணீர் நிற்கும்வரை ஒரே ரீடிங்தான் வரும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடத் துளையிட்ட குழாயில் நீர்மட்டம் அளப்பதே முறை. வாழைக்கும் பருத்திக்கும் வேண்டுமானால் இது உதவும்.)

வானிலை மாதிரி செய்கிறவர்கள் மாட்டிக்கொள்வது பிஎம்இ280 சென்சாரில். வெப்பம், காற்றழுத்தம், ஈரப்பதம் மூன்றையும் அளப்பது அது. அதே பெயரில் கையில் கிடைப்பது பல சமயம் ஈரப்பதம் அளக்காத பிஎம்பி280. கன்ட்ரோலர் போர்டு சென்சாரை அழைக்கும் முகவரியும் இரண்டுக்கும் ஒன்றே என்பதால் ஸ்கேன் செய்து கண்டுபிடிக்க முடியாது. சிப்புக்குள் இருக்கும் டி0 என்ற பதிவேட்டை (ரெஜிஸ்டரை) புரோகிராம் வழியாகப் படித்தால் ஹெக்ஸ் எண்ணில் 60 வருவது பிஎம்இ, 58 வருவது பிஎம்பி. கடையிலேயே பார்க்க இன்னும் எளிய வழி உண்டு. நடுவிலுள்ள உலோக மூடி பிஎம்இயில் சதுரம், பக்கத்துக்கு 2.5 மில்லிமீட்டர். பிஎம்பியில் அது 2க்கு 2.5, அதாவது சற்றே நீளம்.

18650 லித்தியம் பேட்டரியில் கொள்ளளவு '9900 எம்ஏஎச்' என்று அச்சிட்டிருந்தால் அதைக் கையிலேயே எடுக்க வேண்டாம். அந்த அளவுச் செல்லில் நல்ல கம்பெனிச் சரக்கே 3500 அளவில்தான் கொடுக்கும். நகைக்கடைத் தராசில் வைத்தால் நல்ல செல் பெரும்பாலும் 45 கிராம் அளவில் இருக்கும். போலி 30 கிராம் பக்கம் நிற்கும்.

மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்சான ரிலேயில் அச்சிட்ட வோல்ட்டை நம்பாமல் அதன் காயிலை அளந்து பாருங்கள். நீல நிறச் சிறு ரிலேயில் 5 வோல்ட் காயில் 70 ஓம் அளவிலும், 12 வோல்ட் காயில் 400 ஓம் அளவிலும் இருக்கும். அதன் மேல் '10 ஆம்பியர்' என்றிருப்பது ஹீட்டர் போன்ற லோடுக்கு. மோட்டார் கிளம்பும்போது வழக்கமாக இழுப்பதைப் போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். ரிலேக்குள் தொட்டு விலகும் பாயின்ட் ஒட்டிக்கொண்டால், ரிலே ஆஃப் ஆன பிறகும் மோட்டார் நிற்காது. தண்ணீர் இல்லாமல் ஓடி மோட்டாரின் காயில் கருகும். ஆகவே ரிலே, பெரிய லோடைத் தாங்கும் சுவிட்சான கான்டாக்டரின் காயிலை மட்டும் இயக்கட்டும், மோட்டார் லோடைக் கான்டாக்டர் சுமக்கட்டும். 5 எச்பி, மூன்று ஃபேஸ் பம்புசெட்டில் மாணவர்களைக் கைவைக்கவே விடக் கூடாது. அது லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியன் வேலை.

பள்ளிகளுக்கும் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும், ஆன்லைனில் வாங்கினாலும், பக்கத்து ஊரில் வாங்கினாலும் பில்லில் 'சென்சார் - 10' என்று மொட்டையாக எழுதுவதை ஏற்காதீர்கள். 'பிஎம்இ280 - 10' என்று முழு எண் இருந்தால்தான், வேறு சரக்கு வந்தபோது மாற்றிக் கேட்க முடியும். கடை மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கவும் அதே பில் வேண்டும். கால்களைச் சால்டர் வைத்துவிட்ட பொருளைப் பெரும்பாலும் யாரும் திரும்ப வாங்குவதில்லை. அதனால் பின்களை, சால்டர் இல்லாமல் இணைக்க உதவும் பிரெட்போர்டில் குத்தி, சென்சார் போர்டை அதன் மேல் லேசாகச் சாய்த்து அழுத்திப் பிடித்து, ரீடிங் வந்த பிறகே சால்டர் வையுங்கள்.

இப்படிக்கு,
மின்னணுவியல் பயிற்றுநர்கள்,
மன்னார்குடி