மசாதா ஏறப்போகும் மகளுக்கு

அன்பு மகளே,

வெள்ளிக்கிழமை இஸ்ரேலில் சாக்கடல் ஓரத்து மலைக்கோட்டையான மசாதா ஏறப்போவதாக எழுதியிருந்தாய். அடிவார விடுதியில்தான் தங்கல் என்பதால், விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கிழக்குப் பக்கத்துப் பாம்புப் பாதையில் கிளம்பிவிடு. ஏற்றம் 350 மீட்டர்தான், ஆனால் வழியில் நிழலே கிடையாது. கோடையில் சூடு மிஞ்சினால் பாதையையே மூடிவிடுவார்கள். மேலே குடிதண்ணீர் கிடைக்கும், சாப்பாடு கிடைக்காது. கட்டிக்கொண்டு போ.

ஏறியதும் சுவர்களைக் கவனி. பல இடங்களில் கறுப்பு மையால் ஒரு கோடு ஓடும். அதற்குக் கீழே இருப்பது 1963 முதல் 1965 வரை தொல்லியலாளர் யிகேல் யாதீன் குழு தோண்டியபோது கிடைத்த பழைய சுவர். மேலே இருப்பது பிறகு எடுத்துக்கட்டியது. ரோமரிடம் பிடிபடாமல் யூதர்கள் தங்களையே மாய்த்துக்கொண்டார்கள் என்று அங்கே சொல்லப்படும் கதைக்கு அப்படிக் கோடு போடவில்லை. அதை நீதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லாரும் வடக்கு முனையில் மூன்று படிநிலைகளாகத் தொங்கும் மன்னன் ஏரோதின் அரண்மனைக்குத்தான் ஓடுவார்கள். எனக்கு அதைவிடத் தண்ணீர் ஏற்பாடுதான் பெரிது. வருஷத்தில் சில நாள் மட்டும் மழை பெய்யும் பாலைவனம் அது. மேற்கே மேட்டில் பெய்கிற மழை ஓடைகளில் வெள்ளமாக வரும்போது, அதை அணையால் மடக்கி, வாய்க்கால் வழியாக வடமேற்குச் சரிவில் குடைந்த 12 தொட்டிகளுக்குத் திருப்பினார்கள். இரண்டு வரிசை, மொத்தக் கொள்ளளவு சுமார் 40,000 கன மீட்டர். உள்ளே சுண்ணாம்புப் பூச்சு. அது விரிசல் விட்டால் நீர் பாறையில் இறங்கிவிடும். அங்கிருந்து உச்சிக்கு ஆளும் கழுதையும்தான் சுமந்தாக வேண்டும். முற்றுகை வந்தால் அந்தப் பாதை அறுந்துபோகும் என்பதால் உச்சியிலும் தொட்டிகள் வெட்டி நிரப்பி வைத்தார்கள். ஆகவே மசாதா தாகத்தால் விழுந்த கோட்டை அல்ல.

விழுந்தது மேற்கில். அங்கே போய் நின்று மண்மேட்டைப் பார். ரோமத் தளபதி ஃபிளாவியஸ் சில்வாவின் பத்தாம் படையணி மலையைச் சுற்றி ஏறத்தாழ 4 கிலோமீட்டர் மதிலும் எட்டுப் பாசறைகளும் போட்டுவிட்டு இந்த மேட்டை எழுப்பியது. அடிப்பகுதி பெரும்பாலும் இயற்கையான பாறை முதுகுதான். அதன் மேல் மண்ணும் கல்லும் கொட்டினார்கள். வெறும் மண் சரியும் என்பதால் இடையிடையே மரக்கட்டைகளை அடுக்கினார்கள். அவற்றின் நுனி இன்றும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. மூன்று வருட முற்றுகை என்று யாராவது சொன்னால் நம்பாதே. 2024இல் டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மதிலை அளந்து கணக்கிட்டு, முற்றுகை சில வாரங்கள்தான் நீடித்திருக்கும் என்றார்கள்.

மற்றதெல்லாம் யோசேபஸ் என்ற அக்கால யூத வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதியது. கல்மதில் இடிந்ததும் உள்ளே இருந்த சிக்காரிகள் என்ற யூதக் கிளர்ச்சிக்காரர்கள் இரண்டு வரிசை மரத்துக்கு நடுவே மண்ணை நிரப்பிப் புது மதில் கட்டினார்கள். இடிக்க இடிக்க மண் இறுகியதே தவிர மதில் சாயவில்லை. அதனால் ரோமர் தீ வைத்தார்கள். காற்று முதலில் அவர்கள் பக்கமே திரும்பி, பிறகு மாறியது என்கிறார். அன்றிரவு அவர்கள் தலைவன் எலெயாசர் பென் யாயீர் சரணடைவதைவிடச் சாவதே மேல் என்று பேசி, 960 பேர் தங்கள் கைகளாலேயே மாண்டார்கள். இரண்டு பெண்களும் ஐந்து குழந்தைகளும் ஒளிந்து பிழைத்தார்கள். வருஷம் 73 அல்லது 74. யோசேபஸ் அங்கே இருந்தவர் அல்ல. ரோமில், பேரரசரின் ஆதரவில் இருந்து எழுதியவர். தோண்டியபோது கிடைத்த எலும்புகள் முப்பது பேருக்குக்கூட இல்லை. உடைமைகளை ஒரே குவியலாக எரித்தார்கள் என்கிறார்; தீப்பட்ட தடம் பல இடங்களில் கிடைத்தது. பெயர் எழுதிய 11 சிறு பானை ஓடுகளும் கிடைத்தன, ஒன்றில் 'பென் யாயீர்'. கடைசியில் மற்றவர்களைக் கொல்வது யார் என்று போட்ட சீட்டு இவைதான் என்றார் யாதீன். இருக்கலாம். உணவுப் பங்கீட்டுச் சீட்டாகவும் இருக்கலாம். எனக்கு அந்த ஓடுகளை வைத்து எதையும் அடித்துச் சொல்லத் துணிவில்லை.

யூதர்களின் சமயச் சட்டத் தொகுப்பான தால்மூதில் மசாதா பற்றி ஒரு சொல்கூட இல்லை. நூற்றாண்டுகளாக யூதர்கள் நினைவில் வைத்துக்கொண்டது எருசலேம் ஆலயம் எரிந்ததைத்தான். 1927இல் வந்த ஒரு எபிரேயக் கவிதையும், 1942இல் இளைஞர் இயக்கத் தலைவர்களைக் கூட்டிக்கொண்டு மலையேறிய ஷ்மார்யா குட்மனும்தான் மசாதாவைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பிறகு இஸ்ரேல் கவசப்படை வீரர்கள் உச்சியில் தீப்பந்த வெளிச்சத்தில் 'மசாதா மறுபடி வீழாது' என்று உறுதிமொழி எடுத்தார்கள். 1969இல் எலும்புகளுக்கு ராணுவ மரியாதையோடு அடக்கம் நடந்தது. அவை யாருடையவை என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

மதியத்துக்குள் இறங்கிவிடு. வெள்ளி பிற்பகலில் ஓய்வுநாளுக்காகப் பேருந்து நின்றுவிடும். எருசலேம் பேருந்து சாக்கடல் ஓரமாகவே போகும். வலப்பக்க ஜன்னலில் கடல், இடப்பக்கம் செங்குத்துப் பாறை. 17 கிலோமீட்டர் தள்ளி இடது பக்கம் பேரீச்சை தெரியும் இடம் என்கேதி. மசாதாவில் இருந்த சிக்காரிகள் ஒரு பஸ்கா பண்டிகை இரவில் அங்கே இறங்கி, ஓட முடியாத பெண்களும் குழந்தைகளுமாக 700க்கு மேற்பட்ட யூதர்களைக் கொன்று, தானியத்தை மலைக்கு ஏற்றினார்கள். இதையும் அதே யோசேபஸ்தான் எழுதியிருக்கிறார். உறுதிமொழிகளில் இது வருவதில்லை. இடப்பக்கமாக உட்கார்.

அன்புடன்,
அப்பா